நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

உலகத்தில் இதுவரை ஒருவர்கூட ஜெர்மன் மொழியைச் சரியான முறையில் கற்றதில்லை, ஜெர்மானியர்கள் உட்பட என்று தமிழ்வாணன் கல்லூரி கேன்டீனில் அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"அவங்க எப்படிக் கத்துக்கறாங்க? அம்மா பேசறதைக் காதால கேட்டுத்தானே? எந்த வார்த்தை எப்ப வரும்னு அந்தம்மாவுக்கே தெரியாது. ஒரு வரிசை உண்டா, ஒழுங்கு உண்டா?" என்றான். "மொழின்னா வார்த்தைங்க. வார்த்தைங்க மொத்தமும் அகராதியில இருக்கு. அகராதி இப்ப நெட்டுல இருக்கு. நடுவுல வாத்தியாருக்கு இன்னா வேலை?"

எதிரில் இருந்த பாலமுருகன் தலையாட்டினான். வாய் நிறைய பஜ்ஜி இருந்ததால் அவனால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. இருவரும் ஜவுளித் தொழில்நுட்பம், கடைசி வருஷம்.

பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர் பிரிவு கலைமகள் காதில் வாக்மேன் மாட்டிக்கொண்டு, "இஷ்... இஷ்..." என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேலூருக்கு பஸ் ஏறி, முப்பது வருஷம் ஜெர்மனியில் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பிய விருத்தாம்பாள் டீச்சரிடம் ஜெர்மன் படிக்கிறவள் அவள்.

"இன்னா கலை, டயர் பஞ்சரா?" என்றான் தமிழ்வாணன்.

அவள் ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டாள். "உச்சரிப்புடா."

"வாயில சுடு போண்டாவ வச்சிகினு பேசற மாதிரி இருக்குது. கேசட்டு ஒண்ணு சொல்லுமாம், பின்னாடியே இவங்களும் சொல்வாங்களாம். எல்.கே.ஜி. பசங்க தேவலாம்."

"காதால கேக்காம நீ எப்படிப் பேசுவ?"

"எழுத்து இருக்குது இல்ல? பாத்துப் படிக்கத் தெரியாதா எனக்கு?"

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். இணைய அகராதிகளுக்கு அப்போது எழுத்து மட்டும்தான் இருந்தது, வாய் முளைக்கவில்லை.

இந்தப் பேச்சு கேன்டீனோடு போயிருக்க வேண்டியது. அந்த நேரம் பார்த்து ஜவுளித் துறைத் தலைவர் அருணாச்சலம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"பேஜாராப் போச்சுப்பா. பழைய நெசவு முறைங்களை ஆராய்ச்சி பண்ற ஜெர்மன் ப்ரொபசர் ஸ்ட்ரோபல் பத்தொன்பதாம் தேதி வராரு. நம்ம பசங்கள்ல ஒருத்தரை ஆறு மாசம் அவரோட இன்ஸ்டிட்யூட்டுக்கு அழைச்சிகினு போகப்போறாரு. ஒரே ஒரு சீட்டு. அவருகூட வர வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு மெட்ராஸ்ல அம்மை போட்டிருக்குதாம்."

"இங்கிலீஷ்ல பேசிக்கலாமே சார்" என்றான் பாலமுருகன், பஜ்ஜியை முடித்து.

"அவரு கிழக்கு ஜெர்மனிக்காரரு. இஸ்கூல்ல ரஷ்ய மொழிதான் படிச்சாராம். இங்கிலீஷ்ல தேங்க்யூ, ஹாட், ரெண்டு வார்த்தைதான் வரும். இங்க யாருக்காவது ஜெர்மன் தெரியுமா?"

"எனக்குக் கொஞ்சம் தெரியும் சார். ஆனா பத்தொன்பதாம் தேதி சென்னையில எனக்குப் பரீட்சை. டீச்சரும் கூட வராங்க" என்றாள் கலைமகள்.

தமிழ்வாணன் எழுந்து நின்றான். "எனக்குத் தெரியும் சார்."

"நல்லாத் தெரியுமா?"

"இன்னும் ஒம்பது நாள்ல முழுசாத் தெரியும் சார்."

அருணாச்சலம் இருந்த நிலைமையில் அவர் காதில் விழுந்தது பின்பாதி மட்டும்தான். அவன் தோளைத் தட்டிவிட்டு, வந்ததைவிட இளைஞராகத் திரும்பிப் போனார்.

அந்த ஒரு சீட்டு தமிழ்வாணனுக்கு எவ்வளவு தேவை என்பது ஆரணியில் அவனுக்கும் நாலாவது தறிக்கும் மட்டுமே தெரியும். அவன் அப்பா சுப்பராயலுவின் கொட்டகையில் நான்கு விசைத்தறிகள். பரீட்சை முடிந்த மறுநாள் நாலாவது தறி மகனுடையது என்று அவர் முடிவு செய்து, நல்ல நாளும் பார்த்து வைத்திருந்தார். ஜெர்மனி போய்வந்த பையனை நாலாவது தறியில் நிறுத்த எந்த அப்பாவுக்கும் கூச்சமாக இருக்கும். ஆகவே ஜெர்மனி.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பன்னீர்செல்வத்தின் பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்தான். ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டு, டீக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் அர்த்தம் பாதி வந்திருக்கும். மீதி வருவதற்குள் பன்னீர்செல்வத்தின் மாமியாரிடமிருந்து போன் வரும். கடைக்கு ஒரே லைன். போன் வந்தால் நெட் போய்விடும். அந்த அம்மாள் மருமகன் மேல் மிகுந்த பாசம் உள்ளவர்.

"காலையில இருந்து பதினோரு வார்த்தைங்கண்ணா" என்றான் தமிழ்வாணன்.

"அவங்க இன்னிக்கு விரதம். அதான் கம்மியாப் பேசறாங்க. நாளைக்குப் பாரு" என்றார் பன்னீர்செல்வம்.

அந்தப் பதினோரு வார்த்தைகளையும் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கட்டிலில் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனான். வந்து பார்த்தபோது அவன் அம்மா ராஜம்மாள் அந்தச் சீட்டுகளைப் போட்டு வெந்நீர் அடுப்பைப் பற்ற வைத்து முடித்திருந்தாள். ஜெர்மன் மொழியின் முதல் தவணை அதே வெந்நீராக அவன் தலையில் ஏற்கெனவே ஊற்றப்பட்டிருந்தது.

அழியாத பொருளில் எழுத வேண்டும் என்று கொட்டகைக்குள் போனவன் கண்ணில்தான் பரணில் கிடந்த பழைய ஜக்கார்டு அட்டைகள் பட்டன.

புடவையின் பூவும் மயிலும் அந்த அட்டைகளில் ஓட்டைகளாக இருக்கும். அட்டைகளைக் கயிற்றில் வரிசையாகக் கோத்துத் தறியின் தலைமேல் மாட்டிவிடுவார்கள். தறி அடிக்க அடிக்க அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பும். எந்த ஓட்டைக்கு எந்த இழை என்பதைத் தறி பார்த்துக்கொள்ளும்.

"பாலு, எந்த நெசவாளியாவது மயிலை மனப்பாடம் பண்றாரா?" என்று கேட்டான் தமிழ்வாணன்.

"இல்ல."

"அட்டை சுத்துது, மயில் தானா வருது. அதேதான். அட்டைக்கு ஒரு வார்த்தை. வரிசையா கோத்துட்டா ஜெர்மன் தானா வரும்."

பாலமுருகனுக்கு இதில் என்ன தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஏதோ தப்பு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஏழு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் சேர்ந்தன. மாமியார் தேவிகாபுரம் கோயிலுக்குப் போன ஒரு நாளில் மட்டும் நூற்றுப் பத்து. நாலாவது தறிக்கு மேலே, ஜக்கார்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சங்கிலியாக அவற்றை எழுத எழுதக் கோத்துத் தொங்கவிட்டான். தறி நாலு அடி அடித்தால் அட்டை ஒன்று திரும்பும்; அவன் ஒரு வார்த்தை கத்துவான். கத்தினால்தான் தறிச் சத்தத்தில் அவனுக்கே கேட்கும்.

டடக் டடக் டடக் டடக், "சீட்!" அது பட்டு. டடக் டடக் டடக் டடக், "டச்!" அது துணி. "ஃபேடன்!" நூல். "ராட்!" சிவப்பு. "ப்ளா!" நீலம். எழுத்தைப் பார்த்து எப்படிப் படிக்கத் தோன்றியதோ அப்படி.

மூலையில் உட்கார்ந்து நூலைத் தார்க் குச்சிகளில் சுற்றும் பச்சையம்மாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். "இன்னா தம்பி, யாரைத் திட்டற?"

"ஜெர்மன்க்கா."

"அவங்க இன்னா பண்ணாங்க உன்ன?"

ஏழாம் நாள் பாலமுருகன் பரீட்சை வைத்தான். டீக்கடையில் நின்றபடி, "நூலுக்கு இன்னா?" என்றான்.

தமிழ்வாணன் கண்ணை மூடினான். உதடு அசைந்தது. வலது கால் தரையைத் தட்டியது. பாலமுருகன் டீயைக் குடித்து முடித்தான். இன்னொரு டீ சொன்னான். அதையும் குடித்தான். பேப்பரில் விளையாட்டுப் பக்கம், வெளிநாட்டுப் பக்கம், வரி விளம்பரம் எல்லாம் படித்தான்.

"ஃபேடன்!" என்றான் தமிழ்வாணன், நெற்றி வேர்க்க.

"பன்னெண்டு நிமிஷம் ஆச்சுடா."

"முந்நூறாவது அட்டை. முதல்ல இருந்து வந்தாத்தானே வரும்? மயிலோட கொண்டை வேணும்னா காலு, வாலு எல்லாம் நெய்ஞ்சிகினுதான் வரணும்."

"ப்ரொபசர் ஒரு கேள்வி கேட்டா?"

தமிழ்வாணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "கேக்கற மாதிரி வச்சிக்கக் கூடாது. அட்டை வரிசைப்படி அவரு நடந்துகினாப் போதும்."

அன்று மாலையே பயணத் திட்டம் தயாரானது. முதல் அட்டை வணக்கம். அதனால் ப்ரொபசர் முதலில் வணங்கப்படுவார். பிறகு வெயில், தண்ணீர், நாற்காலி. பிறகு தறி. நூல் முந்நூறில் வருவதால் அதுவரை யாரும் அவர் கண்ணில் நூலைக் காட்டக்கூடாது. மயில் முந்நூற்று எழுபது. நன்றி நானூற்றுப் பதினொன்று. போய்வாருங்கள் கடைசி.

அருணாச்சலம் அதைப் படித்துவிட்டு, "நிமிஷக் கணக்குல போட்டிருக்கியே, ஜெர்மன்காரங்களே தோத்தாங்க" என்றார். "எங்க, ஒரு வணக்கம் சொல்லு பாக்கலாம்."

அது முதல் அட்டைதான். ஆனாலும் தமிழ்வாணனுக்கு வரவில்லை. துறைத் தலைவரின் அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் இருந்தது. வாயைத் திறந்தான், மூடினான். தறி ஓடாத இடத்தில் தனக்கு ஜெர்மன் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"நேர்ல அவருக்கே சொல்றேன் சார். அவரு கேக்கறதுக்கு முந்தி வேற யாரும் கேக்கக் கூடாது. அது அவங்க ஊர் மரியாதை" என்று வெளியே வந்தான்.

இதற்கும் அவனிடம் வைத்தியம் இருந்தது. சந்திப்பு முழுவதும் கொட்டகையிலேயே, தறி ஓடும்போதே நடக்கும்.

"நைனா, ஜெர்மன்காரரு நம்ம கொட்டகைக்கு வராரு."

"வரட்டும். ஆனா தறி நிக்கக் கூடாது" என்றார் சுப்பராயலு.

"அதையேதான் நானும் சொல்றேன் நைனா."

அப்பாவும் மகனும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ராஜம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு வர வேண்டிய ப்ரொபசர், வழியில் கார் டயர் வெடித்து, பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தார். வெள்ளை மீசை, தக்காளிப் பழம் போலச் சிவந்த முகம், செருப்புக்குள் சாக்ஸ். "ஹாட்" என்றார். "தேங்க்யூ" என்றார். அவருடைய இங்கிலீஷ் வாசலிலேயே தீர்ந்துபோனது.

உள்ளே நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. தமிழ்வாணன் நிமிர்ந்து நின்று, நாலு அடிக்குக் காத்திருந்து, "கட்டன் டேக்!" என்றான். அடுத்த நாலு அடி. "ஹிட்சே!" அடுத்த நாலு...

கரண்ட் போனது.

இரண்டு முதல் நாலு வரை ஆரணியில் மின்வெட்டு என்பது ஆரணியில் தறி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். பதினொரு மணிக்கு வருகிறவருக்காகத் திட்டம் போட்டவன் அதை நினைக்கவில்லை.

கொட்டகையில் அப்படி ஓர் அமைதி. ப்ரொபசர் அவனைப் பார்த்தார். அருணாச்சலம் அவனைப் பார்த்தார். நாலாவது தறியும் அவனைப் பார்ப்பது போலிருந்தது. திறந்த வாய் திறந்தபடி இருக்க, ஆறு மாத ஜெர்மனி அதன் வழியாக வெளியேறிக்கொண்டிருப்பதைத் தமிழ்வாணன் உணர்ந்தான்.

பாலமுருகன் சிநேகிதன். ஓரத்தில் கிடந்த காலி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, உடைந்த தார்க் குச்சியை எடுத்து ஓங்கி அடித்தான். டடக் டடக் டடக் டடக்.

"வாஸர்!" என்றது தமிழ்வாணனின் வாய், தானாக.

வேலை செய்தது. ஆனால் பாலமுருகன் தறி அல்ல, பயந்த மனிதன். போகப் போக வேகம் கூடியது. எண்பத்தேழாவது அட்டையில் தமிழ்வாணன் தடுக்கினான். பாலமுருகன் அடித்துக்கொண்டே கண்ணால் கெஞ்சினான்.

"ஸ்டுல்!" என்றாள் பச்சையம்மாள், சுற்றிய தாரிலிருந்து தலையைத் தூக்காமலே.

ஒரு வாரமாக அதே கொட்டகையில் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வராதா? முதல் தறியில் நெய்யும் ராமதாஸுக்கும் வந்தது. கரண்ட் இல்லாமல் சும்மா நிற்பதற்குப் பதிலாக, தமிழ்வாணன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் இவர்கள் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்கள். ராமதாஸ் தறிக்கட்டையில் தாளம் தட்டினார். நூற்றைம்பதாவது அட்டைக்குள் சுப்பராயலுவைத் தவிரக் கொட்டகையே ஜெர்மன் பேசியது.

ப்ரொபசர் முதலில் குழம்பிப்போய் நின்றார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை எடுத்து, தமிழ்வாணனின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். சாக்ஸ் போட்ட கால் அசைந்தது.

"ஏம்ப்பா ரெக்கார்டு பண்றாரு?" என்று அருணாச்சலம் பாலமுருகனிடம் கிசுகிசுத்தார்.

"இவன் ஜெர்மனை அங்க போய் போட்டுக் காட்டுவாரு போல சார்."

நூல் வந்தது, நூலைக் காட்டினார்கள். மயில் வந்தது, மயில் போட்ட புடவையைப் பிரித்தார்கள். ப்ரொபசர் கண் திறந்தால்தானே? நன்றி சொல்லி, போய்வாருங்கள் சொல்லி நிறுத்தப் பார்த்தபோது தமிழ்வாணனுக்கு இன்னொரு உண்மை தெரிந்தது. ஜக்கார்டு சங்கிலியில் கடைசி அட்டை முதல் அட்டையோடு கோக்கப்பட்டிருக்கும். அதில் நிறுத்தம் கிடையாது.

"கட்டன் டேக்!" என்றது வாய். கொட்டகையும் சொன்னது.

இரண்டாம் சுற்றில் பாதி போயிருக்கும். ராஜம்மாள் காபித் தட்டோடு வந்து, "வந்த மனுஷனுக்குக் குடிக்க ஒண்ணும் குடுக்காம இன்னாடா கத்திகினு இருக்கீங்க எல்லாரும்?" என்று ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் நின்றது.

ப்ரொபசர் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. தமிழ்வாணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ பேசினார். பேச்சு எந்த அட்டை வரிசையிலும் இல்லை. தமிழ்வாணன் ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாமல், ஆனால் மிகுந்த கம்பீரத்தோடு, "டேங்கி" என்றான்.

கார் போனதும், "இன்னாப்பா சொன்னாரு?" என்றார் அருணாச்சலம்.

"எல்லாம் டெக்னிக்கல் சார். மொத்தத்துல திருப்தி."

ஆறு வாரம் கழித்து ஜெர்மனியிலிருந்து துறைத் தலைவருக்குக் கடிதம் வந்தது. கையால் எழுதியது, இரண்டு பக்கம். அருணாச்சலம் அதைத் தமிழ்வாணன் கையில் கொடுத்தார். "படிச்சு வையி. திங்கக்கிழமை பிரின்சிபால்கிட்ட சொல்லணும். சீட்டு யாருக்குன்னு அதுலதான் இருக்கும்."

பிரௌசிங் சென்டரில் கடிதத்தை விரித்து வைத்தான். அகராதியில் தேட வேண்டுமானால் எழுத்தைத் தட்ட வேண்டும். எழுத்து எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை; சிக்கு விழுந்த நூல் மாதிரி ஓடியது.

பன்னீர்செல்வம் எட்டிப் பார்த்து, "இ.சி.ஜி.யா? யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவனைக் கண்ணமங்கலத்தில்தான் கலைமகள் பார்த்தாள்.

"வேலூர்ல இன்னா வேலை?"

"பல்லு வலி. டாக்டரைப் பாக்கணும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"அவசரப் பல்லு."

அவசரப் பல் அவளுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்து விருத்தாம்பாள் டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறியது. கலைமகள் கதவைத் திறந்து பிடித்தாள். டீச்சர் கடிதத்தை வாங்கி மேஜையில் வைத்து, அதன் மேல் கண்ணாடிக் கூட்டை வைத்தார்.

"க்ளாஸ் முடியட்டும், படிச்சு சொல்றேன். அதுவரைக்கும் உக்காரு. இங்க வேடிக்கை பாக்க இடம் கெடையாது."

கேசட் ஓடியது. "இஷ்" என்றது. பதினோரு பேரும் "இஷ்" என்றார்கள்.

"கடைசி பெஞ்சுல சத்தம் வரலியே?"

"இச்" என்றான் தமிழ்வாணன்.

"அது கொசு அடிக்கற சத்தம். மறுபடி."

கலைமகள் திரும்பாமலே, "வாயில போண்டா இருக்குதுன்னு நெனச்சிக்கோ" என்றாள்.

நினைத்துக்கொண்டான். "இஷ்." வந்துவிட்டது. டீச்சர் தலையாட்டினார். அவனுக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

அடுத்து கேசட், "சைட" என்றது. பட்டு என்றார் டீச்சர். ப்ரொபசர் முகத்துக்கு நேராகத் தமிழ்வாணன் எத்தனை முறை "சீட்!" என்று கத்தியிருக்கிறான்! சீட்டு போயிற்று என்று அங்கேயே முடிவு செய்துகொண்டான். முடிவு செய்தபின் மனசு லேசானது. கேசட் சொன்னதையெல்லாம் எல்லாரையும் விடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னான்.

வகுப்பு முடிந்ததும் கலைமகளிடம், "அந்த வாக்மேன் வார நாள்ல உனக்குத் தேவைப்படுமா?" என்று மெதுவாகக் கேட்டான். பிறகு மேஜைக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "டீச்சர், அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரலாங்களா? மொதல்ல இருந்து ஒழுங்காக் கத்துக்கணும்."

"பேரு?"

"தமிழ்வாணன்."

டீச்சர் பதிவேட்டில் பன்னிரண்டாவது பெயராக எழுதிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக் கடிதத்தைப் பிரித்தார். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கம் பாதியில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முடித்ததும் பேனாவை எடுத்து, பதிவேட்டில் பன்னிரண்டாவது பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

"சீட்டு உனக்குத்தான் தம்பி, உங்க கொட்டகையில எல்லாருமாச் சேந்து பாடுன அந்தப் பழைய தமிழ் நெசவுப் பாட்டு மாதிரி ஒண்ணை அவரு ஜென்மத்துல கேட்டதில்லியாம், ஆறு மாசமும் நீ அங்க வந்து அதைப் பாடணுமாம், அதோட சுத்தம் கெட்டுப்போயிடும், தயவுசெஞ்சு யாரும் இந்தப் பையனுக்கு ஜெர்மன் மட்டும் சொல்லிக் குடுத்துடாதீங்கன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்காரு."